பிள்ளையும் பாகப் பொருளா?

நிலத்தைப் பிரிக்கிறார்கள், வரப்பு போடுகிறார்கள். வீட்டைப் பிரிக்கிறார்கள்; நடுவே சுவர் எழுப்புகிறார்கள். அண்டா, குண்டான், அரிவாள்மணை வரையில் எண்ணிப் பங்கு வைக்கிறார்கள். வைக்கட்டும்! பொருள் பேசாது, அழாது, நள்ளிரவில் விழித்துக்கொண்டு, "அம்மா எப்போது வருவாள்?" என்று கேட்காது. ஆனால், கணவனும் மனைவியும் பிரிகின்ற நாளில், அதே பாகப் பிரிவினைப் பட்டியலிலே பெற்ற பிள்ளைகளையும் சேர்த்து எழுதுகிறார்களே, அந்தக் கொடுமையைக் கண்டுதான் கேட்கிறோம்: பிள்ளையும் பாகப் பொருளா?

பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களிலே பள்ளிப்பிள்ளைகளோடு பழகிவரும் நம் போன்ற ஆசிரியர்களுக்கு இந்தக் கொடுமை புதிதன்று. ஊர்ப் பெரியவர்கள் கூடுகிறார்கள். ஒரு பக்கம் பெண் வீட்டார், மறு பக்கம் மாப்பிள்ளை வீட்டார். போட்ட நகை எவ்வளவு, கொடுத்த பணம் எவ்வளவு, சீராக வந்த பாத்திரம் எத்தனை என்பதெல்லாம் பேசி முடிந்த பிறகு, கடைசியாகப் பேச்சு பிள்ளைகளின் பக்கம் திரும்புகிறது. "ஆண் பிள்ளை அப்பனுக்கு, பெண் பிள்ளை ஆத்தாளுக்கு" என்கிறார் ஒருவர். தலையாட்டுகிறார்கள் மற்றவர்கள். தீர்ந்தது வழக்கு! நேற்றுவரை ஒரே பாயில் படுத்துறங்கிய அண்ணனும் தங்கையும் இன்று முதல் வெவ்வேறு ஊர்; வெவ்வேறு பள்ளி. அவர்களை ஒரு வார்த்தை கேட்டவர் உண்டா? இல்லை. கேட்க வேண்டும் என்று நினைத்தவராவது உண்டா? அதுவும் இல்லை.

ஆண் பிள்ளை ஏன் அப்பனுக்கு? காரணத்தைத் துருவிப் பாருங்கள், தோழர்களே! "நாளைக்குக் கொள்ளி வைக்க ஒருவன் வேண்டாமா?" என்பார்கள். ஆம், அதுதான் அடிவேர்! "புத்" என்றொரு நரகமாம். அதிலே தந்தை விழாமல் கரையேற்றுபவன் புத்திரனாம். மனுவின் நூல் சொல்கிறது. யாரும் கண்டறியாத ஒரு நரகத்திலிருந்து, யாரும் கண்டறியாத ஒரு சொர்க்கத்துக்குப் போவதற்கான வழிச்சீட்டாக, கண்ணெதிரே நிற்கும் உயிருள்ள சிறுவனைப் பறித்துக்கொள்கிறார்கள். பெண் பிள்ளை ஏன் ஆத்தாளுக்கு? நாளை நகை போட வேண்டும், சீர் செய்ய வேண்டும். அந்தச் செலவு அவளோடு போகட்டும் என்பதற்காக! வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். இந்தக் கணக்குக்குப் பெயர் பஞ்சாயத்து!

"பாமரர் செய்கிறார்கள், படிப்பறிவு வளர்ந்தால் மாறிவிடும்" என்று சமாதானம் கூறுவோர் உண்டு. படித்தவர்கள், அதிலும் பட்டம் பல பெற்றவர்கள், டில்லியிலே அமர்ந்து ஆக்கிய சட்டம் என்ன சொல்கிறது? அதையும் பார்த்துவிடுவோம்.

1956ஆம் ஆண்டு இந்துச் சிறார் காப்பாளர் சட்டம் வந்தது. அதன் 6ஆம் பிரிவு, குழந்தையின் "இயற்கைக் காப்பாளர்" யார் என்று கூறுகிறது. தந்தை, அவருக்குப் பிறகு தாய்! பத்துத் திங்கள் சுமந்தவள், பாலூட்டியவள், காய்ச்சலில் கண்விழித்தவள், அவள் இயற்கையின் பட்டியலிலே இரண்டாம் இடம். என்னே இவர்கள் கண்ட இயற்கை! ஐந்து வயது நிரம்பாத குழந்தை மட்டும் சாதாரணமாகத் தாயிடம் இருக்கலாம் என்றொரு சலுகை. பால்குடி மறக்கும் வரையில், நடை பழகும் வரையில், வேலை கடினமாக இருக்கும் வரையில் நீ பார்த்துக்கொள் என்பது போல இல்லையா இது?

அடுத்த வரியைப் பாருங்கள். திருமண உறவுக்குப் புறத்தே பிறந்த குழந்தைக்கு மட்டும் வரிசை தலைகீழ்: முதலில் தாய், பிறகு தந்தை. அதாவது, பெருமை வரும் இடத்தில் பிள்ளை அப்பனுடையது. பழி வரும் இடத்தில் ஆத்தாளுடையது! அதற்கும் அடுத்த வரி: திருமணமான சிறுமிக்கு இயற்கைக் காப்பாளர் அவளுடைய கணவன்! குழந்தைத் திருமணத்தைத் தடுக்க 2006இலே ஒரு சட்டம் இயற்றிய அதே நாட்டில், இந்த வரி இன்னும் ஏட்டிலே இருக்கிறது.

இந்த மரம் எந்த விதையிலிருந்து முளைத்தது? மீண்டும் மனுவிடம்தான் போக வேண்டும். மனுவின் ஒன்பதாம் அத்தியாயம் பெண்ணை நிலம் என்கிறது. நிலத்துக்கு உடையவனே விளைச்சலுக்கும் உடையவன் என்று தீர்ப்புக் கூறுகிறது. பெரம்பலூரில் சின்ன வெங்காயம் போடும் உழவன் தன் நிலத்தைக் கேட்டுவிட்டு அறுவடை செய்வதில்லை. நிலத்துக்கு வாய் கிடையாது. தாய்க்கு வாய் உண்டே! விளைச்சல் என்கிறார்களே, அந்தப் பிள்ளைக்கும் வாய் உண்டே!

இன்னும் ஒரு வரி இருக்கிறது அந்தச் சட்டத்தில். பகுத்தறிவாளர் அனைவரும் ஊன்றிப் படிக்க வேண்டிய வரி. இந்துவாக இருப்பதை விட்டுவிட்டவர் இயற்கைக் காப்பாளராக இருக்க முடியாது என்கிறது அது. மதம் மாறினால், பெற்ற தந்தையாயினும் தாயாயினும், அந்த உரிமை போயிற்று! பிள்ளையின் பசியைத் தீர்த்தாரா, படிக்கவைத்தாரா என்பதல்ல கேள்வி. எந்த மதத்தில் இருக்கிறார் என்பது கேள்வி.

கொள்கைக்காகப் பிள்ளையைப் பறிப்பது உலகத்தில் புதிய வழக்கமன்று. அடையாற்றிலே பல்லாண்டு வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையாரின் வரலாறு இதற்குச் சான்று. அரசியலிலே திராவிட இயக்கத்தாரின் முன்னோடிகளுக்கு நேர் எதிரே நின்றவர் அவர். ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் வேண்டும். இங்கிலாந்திலே கிறித்தவப் பாதிரியாரான கணவரை விட்டு 1873இல் பிரிந்தார் அவர். மகன் தந்தையிடம், மகள் மேபல் தாயிடம் என்பது ஏற்பாடு. அங்கும் அதே பாகப் பிரிவினைதான்! பின்னர் நாத்திகம் பேசினார். சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து கருத்தடை பற்றிய நூலொன்றை வெளியிட்டு, 1877இல் வழக்கையும் எதிர்கொண்டார். அடுத்த ஆண்டிலேயே, எட்டு வயதும் நிரம்பாத மகளை அவரிடமிருந்து பறித்துத் தந்தையிடம் ஒப்படைத்தது நீதிமன்றம். அடித்தாரா அந்தத் தாய்? பட்டினி போட்டாரா? இல்லை. கடவுள் இல்லை என்றார்; கருத்தடை வேண்டும் என்றார். அதுதான் குற்றம்!

காலம் சுழன்றது. நாத்திகம் பேசிய அதே அம்மையார் பிரம்மஞான சபையின் தலைவரானார். அடையாற்றிலே இருந்த நாராயணையா என்பாரின் இரு மகன்களைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். 1910இலே தந்தையும் எழுதிக்கொடுத்தார். மூத்தவர் ஜே.கிருஷ்ணமூர்த்தி, அவரை "உலக குரு" வந்திறங்கும் உடலாக வளர்க்கப் போவதாக அறிவித்தார்கள். 1912இலே தந்தை மனம் மாறி வழக்குத் தொடுத்தார். 1913இலே சென்னை உயர்நீதிமன்றம் தந்தையின் பக்கம் தீர்ப்பளித்தது. 1914இலே இலண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. பிள்ளைகள் அப்போது இங்கிலாந்திலே இருந்தார்கள். அவர்கள் சார்பிலே வாதிட எவரும் இல்லாமலும், அவர்கள் விருப்பத்தை அறியாமலும் கட்டளையிட்டது தவறு என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

எண்ணிப் பாருங்கள்! ஒரு பக்கம் தந்தையுரிமை, மறு பக்கம் குருவை உருவாக்கும் பக்தி. இரண்டுக்கும் நடுவே இரண்டு சிறுவர்கள். ஈராண்டு வாதாடினார்கள் வழக்கறிஞர்கள், "தம்பி, உனக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்வி மட்டும் கடைசியில்தான் நினைவுக்கு வந்தது. அந்தச் சிறுவன் வளர்ந்து, 1929இலே, தமக்காகவே அமைக்கப்பட்ட சங்கத்தைக் கலைத்து, "உலக குரு" பட்டத்தையும் உதறினார். பிள்ளை என்பது பெரியவர்களின் ஆசைக்கு வார்க்கும் அச்சு அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இங்கிலாந்து இப்படியே நின்றுவிடவில்லை. 1836இலே தன் மூன்று மகன்களைக் கணவனிடம் பறிகொடுத்த கரோலின் நார்ட்டன் எழுதினார், வாதாடினார்; அதன் பயனாக 1839இலே சட்டம் வந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கேட்டு நீதிமன்றம் செல்லத் தாய்க்கு வழி பிறந்தது. 1973இலே தாய்க்குத் தந்தைக்குச் சமமான உரிமை கிடைத்தது. 1989ஆம் ஆண்டுச் சட்டம் "பெற்றோரின் உரிமை" என்ற பேச்சையே பின்னுக்குத் தள்ளிப் "பெற்றோரின் பொறுப்பு" என்ற சொல்லை முன்னே வைத்தது. உரிமை என்றால் பறிக்கலாம். பொறுப்பு என்றால் சுமக்க வேண்டும். சொல் மாறியதில் எத்தனை பெரிய மாற்றம்!

இங்கே நடந்தது என்ன? எழுத்தாளர் கீதா ஹரிஹரன், தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரம் வாங்கப் போனார். தந்தையின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். வழக்குத் தொடுத்தார். 1999இலே உச்சநீதிமன்றம், "அவருக்குப் பிறகு" என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருளன்று, தந்தை கவனிக்காமல் இருக்கும் நிலையும் அதில் அடங்கும் என்று விளக்கம் தந்தது. நன்று! ஆனால் வரிசையை மாற்றியதா? இல்லை. தாய் இன்னும் இரண்டாமவள்தான். முதலாமவர் இல்லாதபோது மட்டும் அமரலாம். 1989இலே சட்ட ஆணையம் தன் 133ஆம் அறிக்கையில் இந்தப் பாகுபாட்டை நீக்கச் சொன்னது. 2015இலே 257ஆம் அறிக்கையில் மீண்டும் சொன்னது. ஆட்சிகள் மாறின, 6ஆம் பிரிவு மாறவில்லை. நம் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது ஒரு மரம். மாணவர்களை அழைத்துச் சென்று காட்டுகிறோம். அது கல்லாவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. சட்டத்தைக் கல்லாக்க நம்மவர்களுக்கு எழுபது ஆண்டுகளே போதுமாயின!

"13ஆம் பிரிவு இருக்கிறதே, குழந்தையின் நலனே தலையாயது என்று அதே சட்டம் கூறுகிறதே" என்பார்கள் சட்டம் அறிந்தோர். மறுக்கவில்லை. 1973இலே, சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்லர், விளையாட்டுப் பொருள்களும் அல்லர் என்று உச்சநீதிமன்றம் தெளிவாக உரைத்தது. பிள்ளை யாரிடம் வளர்வது என்ற ஆணை முடிந்த முடிபன்று, நிலைமை மாறினால் ஆணையும் மாறலாம் என்றும் சொன்னது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமே, அறிந்து சொல்லும் வயதுடைய பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்கிறது. இவையெல்லாம் உண்மை. ஆனால் நீதிமன்றப் படியேறுவோர் எத்தனை பேர்? படியேறாத பிள்ளைகளின் வழக்கு அரச மரத்தடியிலே தீர்க்கப்படுகிறது. அங்கே 13ஆம் பிரிவு தெரியாது. "பிள்ளை அப்பனுக்குத்தான், சட்டமே சொல்கிறது" என்பது மட்டும் தெரிகிறது.

படியேறினாலும் ஆபத்து தீர்ந்தபாடில்லை. பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் மனு என்பது 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. ஒரே திருச்சி மாவட்டமாக இருந்தது 1995இலே பிரிந்து பெரம்பலூர் ஆயிற்று. அதிலிருந்து 2007இலே அரியலூர் தனியாயிற்று. இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர். "தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்துவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அறிவுரை சொல்லும் அதிமேதாவிகள் எல்லா ஊரிலும் உண்டு. தூக்கிச் செல்கிறார்கள், வாய்தாமேல் வாய்தா வாங்குகிறார்கள். ஈராண்டு, மூவாண்டு ஓடிவிடுகிறது. அதன் பிறகு, "பிள்ளை இங்கே பழகிவிட்டது, கலைக்க வேண்டாம்" என்று வாதம்! காலதாமதமே கள்ளனுக்குக் கைகொடுக்கிறது. ஆகவேதான் சொல்கிறோம், பிள்ளை வழக்கைச் சொத்து வழக்குப் போல் இழுக்கக் கூடாது. இடைக்கால ஆணைக்கு அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு இடமளிக்கிறது. முதல் நாளிலேயே அதைக் கேட்க வேண்டும்.

பெண்ணுக்கு ஒரு நீதி, ஆணுக்கு ஒரு நீதி என்பதையும் ஊரிலே காண்கிறோம். தாய் வேலைக்குப் போனால், "பிள்ளையை யார் பார்ப்பது?" தந்தை வளைகுடா நாட்டுக்கே போனாலும், "பிள்ளைக்காக உழைக்கிறான்!" தாய் மறுமணம் செய்தால், "தாயாகும் தகுதி போயிற்று!" தந்தை மறுமணம் செய்தால், "பிள்ளையைக் கவனிக்க ஒருத்தி வந்தாள்!" முடிவில் நடப்பது என்ன? அப்பன் வென்றான் என்கிறார்கள். வளர்ப்பவள் அவனுடைய தாய். முழங்கால் வலியோடு எழுபது வயதில் மீண்டும் சோறூட்டுகிறாள் அந்தக் கிழவி. வென்றவன் வெளிநாட்டிலே இருக்கிறான்!

அப்படியானால் பிள்ளை எப்போதும் தாய்க்கே என்கிறோமா? இல்லை. "தாய் தெய்வம், அவளிடமே விடு" என்பதும் மூடநம்பிக்கையின் மறு முகம்தான். பெண்ணை வாழ்நாள் முழுதும் அடுப்படியிலும் தொட்டிலடியிலும் கட்டிப்போட முறுக்கிய கயிறு அது. அன்போடு சமைத்து ஊட்டி, தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பும் தந்தையர் உண்டு. பணத்துக்காகவும் பழிக்காகவும் பிள்ளையைத் தந்தையின் கண்ணில் காட்டாமல் மறைக்கும் தாய்மாரும் உண்டு. "ஜீவனாம்சம் வரவில்லை, பிள்ளையைக் காட்ட மாட்டேன்" என்பதும், "பிள்ளையைக் காட்டவில்லை, பணம் தர மாட்டேன்" என்பதும் ஒரே தராசின் இரு தட்டுகள். இரண்டு தட்டிலும் எடைக்கல்லாக வைக்கப்படுவது அந்தக் குழந்தை. சோறு கடன் அன்று, சந்திப்பு வட்டி அன்று. இரண்டும் பிள்ளைக்கு உரியவை.

வழி என்ன? "யாருக்குச் சொந்தம்?" என்ற கேள்வியைக் கொளுத்துவோம். "யாரிடம், எப்படி வளர்ந்தால் இந்தப் பிள்ளைக்கு நல்லது?" என்று கேட்போம். பிரிவது உறுதியானால், பெற்றோர் இருவரும் அமர்ந்து எழுதட்டும்: பள்ளி நாட்களில் எங்கே இருப்பது, விடுமுறையில் எங்கே, எந்தப் பள்ளி, மருத்துவச் செலவு யாருடையது, வாரத்தில் எந்த நாளில் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுவது? உடன்பிறந்தோரைப் பிரிக்காதிருக்கட்டும். விவரம் தெரிந்த பிள்ளையானால், உறவினர் கூட்டத்தின் நடுவே நிறுத்தி, "யார் வேண்டும், சொல்!" என்று மிரட்டாமல், தனியே, கனிவோடு கேட்கட்டும். 1989இலே ஐக்கிய நாடுகள் அவை ஆக்கிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கை இதைத்தான் கூறுகிறது. 1992இலே இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. பிள்ளையின் நலனுக்குக் கேடில்லாத வரையில் தாய் தந்தை இருவரோடும் தொடர்பு வைத்திருப்பது பிள்ளையின் உரிமை என்பதும் அதில் உண்டு.

அடியும் உதையும் இருந்த வீட்டில், "சமாதானமாகப் போங்கள்" என்பது சமாதானமன்று. அங்கே 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வரும். தற்காலிகமாகப் பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்கவும், தீங்கு நேரும் என்றால் மறுதரப்பின் சந்திப்பை மறுக்கவும் நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் உண்டு. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று கலங்கும் தாய்க்குச் சொல்லுங்கள்: 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலே கேட்டுப் பெறலாம். மாற்றுச் சான்றிதழைக் கணவன் வீட்டார் முடக்கி வைத்திருக்கிறார்கள் என்று பிள்ளையைப் படிப்பில்லாமல் வீட்டில் வைத்திருப்போர்க்குச் சொல்லுங்கள்: 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அந்தச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காகப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. இதை அறியாத ஆசிரியர்கள் இருந்தால், அவர்களுக்கும் சொல்லுங்கள்!

1929இலே செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும், மணவிலக்கு உரிமை வேண்டும் என்று முழங்கியது. 1967இலே அண்ணாவின் அரசு, புரோகிதரில்லாத் திருமணம் செல்லும் என்று சட்டம் செய்தது. சேர்வதைப் புரோகிதனிடமிருந்து மீட்டோம். பிரிவதை? அது இன்னும் கொள்ளிச் சட்டியின் பிடியிலும், 6ஆம் பிரிவின் பிடியிலும் கிடக்கிறது. அதை மீட்பது இந்தத் தலைமுறையின் கடமை.

இளைஞர்களே! உங்கள் ஊரில் அடுத்த முறை பஞ்சாயத்துக் கூடும்போது, ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். "ஆண் பிள்ளை அப்பனுக்கு" என்ற குரல் எழும் நேரத்தில், எழுந்து நின்று, "பிள்ளையைக் கேட்டீர்களா?" என்று கேளுங்கள். மாலை மாற்றி வாழ்க்கை ஒப்பந்தம் செய்துகொள்ளப் போகும் தோழர்களே, தோழியர்களே! அந்த ஒப்பந்தத்திலே இன்னும் ஒரு வரி சேருங்கள்: நாம் பிரிய நேர்ந்தாலும் பிள்ளையைப் படைக்கலமாக்க மாட்டோம் என்று. தாயும் தந்தையும் சமமான காப்பாளர்கள் என்று 6ஆம் பிரிவு திருத்தப்படும் வரையில் ஓயாது குரல் கொடுப்போம். பங்கு பிரிக்க நிலம் இருக்கிறது, வீடு இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, பிரித்துக்கொள்ளுங்கள். பிள்ளை முழுமையாக இருக்கட்டும்!